செவ்வாயில் தண்ணீர் இருக்கு, சரி. எடுக்கிறது எப்படி?

கேள்விக்குறி
வணக்கம் மக்களே. நேத்து எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒரு ஃபார்வர்டு போட்டார். "செவ்வாயில் கடல் கண்டுபிடிப்பு! மனிதன் குடியேற இனி தடையில்லை!" அதுக்குக் கீழயே சித்தப்பா "பத்திரப் பதிவு எப்போ, பிளாட் என்ன ரேட்டு?"ன்னு கேட்டுட்டார். எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க, எனக்குத்தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. தேடிப் பார்த்ததுல 2024 ஆகஸ்ட்ல வந்த ஒரு ஆய்வைத்தான் இப்படி ஊதிப் பெருசாக்கி இருக்காங்கன்னு தெரியுது. கடல்னு சொல்றது நிஜமா? நிஜம்னா அங்க போய் வாழ அது உதவுமா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பாறைமனிதன்
தம்பி, கடலும் இல்லை, ஏரியும் இல்லை.

2018 நவம்பரில் நாசாவின் இன்சைட் என்ற லேண்டர் (தரையிறங்கி ஒரே இடத்தில் நிற்கும் கலம்) செவ்வாயில் இறங்கி, தரையில் ஒரு நிலநடுக்கமானியை வைத்தது. நடுக்க அலை பாறைக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வைத்து உள்ளே இருப்பது கெட்டிப் பாறையா, விரிசல் விட்ட பாறையா, விரிசலில் இருப்பது காற்றா நீரா என்று கணக்குப் போடலாம். 2024-ல் அப்படிப் போட்டுப் பார்த்தவர்கள், 11.5 கிமீ முதல் 20 கிமீ வரையான ஆழத்தில் எரிமலைப் பாறையின் விரிசல்களில் நீர் நிரம்பியிருந்தால் இந்த அளவீடு நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். கிரகம் முழுக்க இதே நிலைதான் என்று வைத்துக்கொண்டால், அந்த நீரை மேலே கொட்டினால் 1 முதல் 2 கிமீ ஆழத்துக்கு நிற்கும். ஃபார்வர்டில் வந்த "கடல்" இந்தக் கடைசி வரிதான்.

ஒரே ஒரு லேண்டருக்கு அடியில் எடுத்த அளவு, அதன் மேல் ஒரு ஊகம். நல்ல ஆய்வுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது பாறை இடுக்கில் ஊறி நிற்கும் ஈரம். அதை நம்பி யாரும் குடம் எடுத்துக்கொண்டு போக முடியாது.

ரிக்காரன்
11.5 கிமீ-யா! சார், நான் போர்வெல் ரிக்ல பதினாலு வருஷமா இருக்கேன். ஆயிரம் அடி தாண்டினாலே ஓனர் முகத்தைப் பார்க்க முடியாது. மீட்டருக்கு மீட்டர் காசு ஏறும், தண்ணி மட்டும் வராது.

பாறைமனிதன்
ரிக்கார அண்ணா, பூமியிலேயே அந்த ஆழத்தைத் தொட்ட துளை ஒன்றுதான். ரஷ்யாவில் கோலா, 12,262 மீட்டர். 1970-ல் ஆரம்பித்து அந்த ஆழத்துக்குப் போக 1989 ஆகிவிட்டது. பூமியில், சாலை போட்டு, கரண்ட் இழுத்து, நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துத் தோண்டியது அது.

செவ்வாயில் இதுவரை நடந்த கதையையும் கேளுங்கள். இதே இன்சைட்டில் "மோல்" என்று ஒரு கருவி இருந்தது. ஜெர்மன்காரர்கள் செய்தது, 40 செமீ நீளத்தில் ஆணி மாதிரி. உள்ளே ஒரு சுத்தி தன்னைத்தானே அடித்து அடித்து 5 மீட்டர் இறங்க வேண்டும். 2019 பிப்ரவரியில் அடிக்கத் தொடங்கியது. இரண்டு வருஷம் போராடி, 2021 ஜனவரியில் கைவிட்டபோது ஆணியின் தலை மண்ணுக்குள் இரண்டு மூன்று செமீ போயிருந்தது. அவ்வளவுதான்.

ரிக்காரன்
ஏன் இறங்கல? பாறையா?

பாறைமனிதன்
பாறை இல்லை. மண் கட்டிப்பட்டு நின்றுவிட்டது. ஆணியைச் சுற்றி மண் சரிந்து பிடித்தால்தான் அது பின்னால் எகிறாமல் கீழே போகும். அங்கே குழி அப்படியே விலகி நின்றதால் பிடிமானம் இல்லாமல் இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ரோபோ கையின் கரண்டியால் தலையில் அழுத்திக்கூடப் பார்த்தார்கள்.

ரிக்காரன்
புரியுது புரியுது. லூஸ் மண்ணுன்னு நினைச்சு டூல் எடுத்துட்டுப் போயி, சைட்ல வேற மண்ணு. எங்களுக்கு மாசம் ஒருதரம் நடக்கும்.

ஸ்டார்ஷிப்_ரசிகன்
எல்லாரும் ஏன் ஆழத்துலயே நிக்கிறீங்க? மேலயே ஐஸ் கிடக்கு பாஸ். நாசாவோட ஃபீனிக்ஸ் லேண்டர் 2008-லயே தோண்டி எடுத்தாச்சு. ஸ்பேஸ்எக்ஸோட ஸ்டார்ஷிப் ராக்கெட் ரெடியானா போறோம், வெட்டுறோம், உருக்குறோம், குடிக்கிறோம். சும்மா நெகட்டிவாவே பேசிட்டு இருக்கக் கூடாது.

பாறைமனிதன்
ரசிகரே, மேலே ஐஸ் இருப்பது உண்மை. நானே அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன்.

2002-லேயே ஒடிசி விண்கலம், துருவப் பக்கம் மேல் ஒரு மீட்டருக்குள் ஹைட்ரஜன் குவிந்து கிடப்பதைக் காட்டிவிட்டது. ஃபீனிக்ஸ் 2008 மே 25-ல் வட அட்சம் 68 பாகையில் இறங்கியது. சில செமீ சுரண்டியதுமே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உப்பா, ஐஸா? ஜூன் 15-ம் தேதி எடுத்த படத்தில் பள்ளத்தின் ஓரத்தில் தாயக்கட்டை அளவில் சில வெள்ளைத் துண்டுகள். ஜூன் 19-ம் தேதிப் படத்தில் அவற்றைக் காணோம். உப்பு காணாமல் போகாது. ஐஸ்தான் உருகாமலே ஆவியாகிப் போயிருக்கிறது. நான்கு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படம், அதுவே போதுமான சாட்சி. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பேசுவதில்லை. அந்த ஐஸ் கலந்த மண்ணைக் கரண்டியில் எடுத்து அடுப்பில் போட்டுச் சோதிக்க வேண்டும். அடுப்பு அதே லேண்டர் மேல்தான் இருக்கிறது. கரண்டியைக் கவிழ்த்தால் மண் விழவில்லை! ஒட்டிக்கொண்டுவிட்டது. குலுக்கிப் பார்த்தும் விழவில்லை. இரண்டு முயற்சி வீண். கடைசியில் இரண்டு நாள் வெளியே காய்ந்து ஐஸ் கொஞ்சம் போன மண்ணைத்தான் உள்ளே போட முடிந்தது. ஜூலை 31-ல் "நீர்தான்" என்று அறிவித்தார்கள். ஒரு ஸ்பூன் ஐஸுக்கே இந்தப் பாடு. "வெட்டுறோம், உருக்குறோம்" என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

கேள்விக்குறி
செம. அப்ப 2015-ல "ஓடும் தண்ணீர்"னு நாசாவே சொன்னாங்களே, சரிவுல கருப்புக் கோடு கோடா? அது என்னாச்சு?

பாறைமனிதன்
வெயில் காலத்தில் நீண்டு, குளிரில் மறையும் கோடுகள். நீர் ஏறிய உப்பின் அடையாளம் கிடைத்ததால் உப்புநீர் கசிவு என்றார்கள். 2017-ல் அளந்து பார்த்தபோது, அந்தக் கோடுகள் மணல் சரியக்கூடிய செங்குத்தில் மட்டும் இருந்தன, சரிவு குறைந்ததும் நின்றுவிட்டன. தண்ணீராக இருந்தால் சரிவு குறைந்த இடத்திலும் தொடர்ந்து இறங்கியிருக்கும். இப்போது பெரும்பாலானோர் காய்ந்த மணல் சரிவு என்கிறார்கள். 2018-ல் தென் துருவத்தில் 1.5 கிமீ பனிக்கு அடியில் 20 கிமீ அகல ஏரி என்று வந்ததே, அதற்கும் களிமண் படிவம் மாதிரி வேறு விளக்கங்கள் வந்துவிட்டன. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. குடியேற்றத்துக்கு இரண்டும் தேவையில்லை.

தேவை இதுதான்: 40 பாகை சுற்றுவட்டாரத்தில், கைக்கெட்டும் ஆழத்தில், கெட்டியான ஐஸ். அது இருக்கிறது. 2018-ல், இன்னும் கொஞ்சம் துருவப் பக்கம், 55 பாகையை ஒட்டி எட்டு இடங்களில் மண் சரிந்த செங்குத்துச் சுவர்களில் ஐஸ் பாளம் பாளமாக வெளியே தெரிவதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். மேல்மண் ஒன்றிரண்டு மீட்டர், அதன் கீழே சில இடங்களில் 100 மீட்டர் வரை ஐஸ். 2021 டிசம்பர் 24-ல் ஒரு விண்கல் விழுந்து 150 மீட்டர் அகலப் பள்ளம் போட்டது. வட அட்சம் 35 பாகை. பள்ளத்தைச் சுற்றி ஐஸ் பாறைகள் சிதறிக் கிடந்தன. அந்த அதிர்வையும் இன்சைட்டே பதிவு செய்தது.

வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று. 1976-ல் வைக்கிங் 2 யுடோபியா சமவெளியில் 48 பாகையில் இறங்கிப் பள்ளம் தோண்டியது. பின்னாளில் கணக்குப் போட்டவர்கள், இன்னும் 9 செமீ தோண்டியிருந்தால் ஐஸில் இடித்திருக்கும் என்றார்கள். ஒரு சாண் கூட இல்லை. முப்பத்திரண்டு வருஷம் போச்சு.

கெமிஸ்ட்ரி_டீச்சர்
நல்ல விவாதம். ரிட்டயர் ஆனபிறகு கணக்குப் போட ஒரு சாக்கு கிடைத்தது, நன்றி.

எல்லோரும் குடிதண்ணீரையே நினைக்கிறீர்கள். நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், 500 நாள். மொத்தம் 8,000 லிட்டர். ஒரு தண்ணி லாரிகூட நிரம்பாது. விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை எல்லாம் சேர்த்து 98 சதவீதம் திரும்ப எடுக்கிறார்கள், அந்த முறையைக் கொண்டுபோனால் இதுவும் தேவைப்படாது. குடிக்க மட்டும் என்றால் செவ்வாயில் தோண்டவே வேண்டாம், பூமியிலிருந்து கொண்டுபோகலாம்.

தண்ணீர் எதற்கு என்றால், திரும்பி வர. ஸ்டார்ஷிப் மாதிரி கப்பலுக்கு மீத்தேனும் ஆக்சிஜனும் எரிபொருள். இரண்டையும் அங்கேயே செய்யலாம். காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுத்து அதோடு வினைபுரியச் செய்தால் மீத்தேன், இது சபாட்டியே வினை. மொத்தத்தில் 36 டன் நீருக்கு 16 டன் மீத்தேன், 64 டன் ஆக்சிஜன். கப்பலுக்கு 1,200 டன் எரிபொருள் என்று வைத்துக்கொண்டால் அதில் மீத்தேன் சுமார் 260 டன். அதற்கு நீர் 585 டன், 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர் லாரியில் 50 லோடு. ஒரே ஒரு கப்பல், ஒரே ஒரு முறை கிளம்ப.

ஸ்டார்ஷிப்_ரசிகன்
டீச்சர், 50 லோடு ஐஸை உருக்க எவ்வளவு கரண்ட் ஆகும்? அதுதான் இடிக்கும்னு நினைக்கிறேன்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்
நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்கு வேறு மாதிரி வந்தது.

மைனஸ் 60 டிகிரி ஐஸை 0 டிகிரி நீராக்க கிலோவுக்கு சுமார் 460 கிலோஜூல். 600 டன்னுக்கு 77,000 யூனிட். இதை ஓரமாக வையுங்கள். மீத்தேனை எரித்தால் ஒரு மோலுக்கு 890 கிலோஜூல் வரும், அதைத் திருப்பிச் செய்ய அதே அளவு கொடுத்தாக வேண்டும், இயற்கை தள்ளுபடி தராது. 260 டன் மீத்தேனுக்கு 40 லட்சம் யூனிட். உருக்குவது அதில் 2 சதவீதம். போதாததற்கு சபாட்டியே வினை தானே வெப்பத்தை வெளிவிடும், அது 7 லட்சம் யூனிட்டுக்கு மேல். அந்தக் கழிவுச் சூட்டிலேயே ஐஸை உருக்கிக்கொள்ளலாம்!

ஆக ஐஸை உருக்குவது இலவசம், நீரை உடைப்பதுதான் செலவு. 40 லட்சம் என்பது ஒரு சொட்டும் வீணாகாத கணக்கு. நிஜத்தில் இரண்டு மடங்கு என்று வைத்தால், 500 நாளுக்குத் தினமும் 16,000 யூனிட். இன்சைட்டின் இரண்டு சோலார் பேனலும் சேர்ந்து 7 சதுர மீட்டர் சொச்சம். புதிதாக இருந்தபோது நாளைக்கு 5 யூனிட் கொடுத்தன. அதே விகிதத்தில் போனால் ஏறக்குறைய ஆறு ஏக்கருக்குப் பேனல் விரிக்க வேண்டும்.

பாறைமனிதன்
டீச்சர், கைதட்டல். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். அந்த 5 யூனிட் 2022 மே மாதம் அரை யூனிட் ஆகிவிட்டது. தூசி. துடைக்க ஆள் இல்லை. அந்த வருடம் டிசம்பரில் இன்சைட் அடங்கியது. சீனாவின் சூரோங் ரோவரும் 2022 மே மாதம் உறங்கப் போனது, எழுந்திருக்கவில்லை. ஆறு ஏக்கர் பேனலைத் துடைப்பதே முழுநேர வேலை. அணு உலை இல்லாமல் இது நடக்காது என்பது என் அபிப்பிராயம்.

வடக்கே போகப் போக ஐஸ் அதிகம், வெயில் குறைவு. ஃபீனிக்ஸ் ஐஸ் மேலேயே உட்கார்ந்திருந்தது, ஆனால் குளிர்காலம் வந்ததும் வெயில் இல்லாமல் 2008 நவம்பர் 2-க்குப் பிறகு பேசவில்லை. 2010-ல் மேலிருந்து படம் எடுத்துப் பார்த்தால், உறைந்த கார்பன் டை ஆக்சைடு படிந்த எடையில் பேனல் முறிந்த மாதிரி நிழலே மாறியிருந்தது. அதனால்தான் இடம் தேடுகிறவர்கள் 40 பாகைப் பக்கமே சுற்றுகிறார்கள், ஆர்க்கேடியா சமவெளி மாதிரி. ஸ்டார்ஷிப்புக்கு இடம் பார்க்க அந்தப் பக்கம்தான் படம் எடுத்தார்கள்.

யாழ்_விண்மீன்
எல்லாரும் தண்ணியைப் பற்றியே கதைக்கிறீங்கள், கதிர்வீச்சைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. நாசாவின்ர கியூரியாசிட்டி ரோவர் அளந்த கணக்குப்படி செவ்வாய்த் தரையில ஒரு நாளைக்கு 0.67 மில்லிசீவர்ட். போற வழியில 1.8. போய், 500 நாள் இருந்து, திரும்பி வந்தா 1,000 மில்லிசீவர்ட் கிட்ட வரும். நாசா ஒரு ஆளுக்கு வாழ்நாள் முழுக்க வைச்சிருக்கிற எல்லையே 600 தான். வீட்டுக் கூரைக்கு மேல மண்ணோ ஐஸோ தடிப்பமாப் போட வேணும். அப்ப தண்ணி அதுக்கும் தேவை. இன்னொண்டு, அந்த மண்ணில பெர்குளோரேட் இருக்கெல்லோ? ஃபீனிக்ஸ்தான் அதையும் கண்டது.

கெமிஸ்ட்ரி_டீச்சர்
ஆமாம், மண்ணில் எடைக்கு அரை சதவீதம் அளவில். தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும் உப்பு. நல்லவேளை, நீரில் நன்றாகக் கரையும், நீரைக் காய்ச்சி வடித்தால் உப்பு கீழே தங்கிவிடும். குடிநீருக்குப் பெரிய தலைவலி இல்லை. ஆனால் அந்த மண்ணில் அப்படியே கத்தரி நட்டு நேரே குழம்பு வைக்க முடியாது, முதலில் மண்ணைக் கழுவ வேண்டும். அதற்கும் தண்ணீர்தான்.

மௌனராகம்
ஒரு கசப்பான கேள்வி. செவ்வாயில் உயிர் ஏதாவது மிச்சம் இருந்தால் அது ஐஸுக்கும் உப்புக்கும் பக்கத்தில்தான் இருக்கும். நாம் இறங்க நினைப்பதும் அதே இடம். மனிதன் போனால் வயிற்றில் உள்ள கிருமியும் கூடவே போகும். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, வேற்று கிரகத்தைக் கெடுக்காதே என்கிறது. கியூரியாசிட்டி முழுசாகக் கிருமி நீக்கம் செய்யப்படாததால் அந்தக் கருப்புக் கோடுகள் பக்கம்கூட விடவில்லை. ரோவருக்கே இத்தனை கட்டுப்பாடு, 600 டன் ஐஸை உருக்கப் போகிறவர்களுக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்?

ஸ்டார்ஷிப்_ரசிகன்
வந்துட்டாங்கய்யா. கிருமிக்காக மனுஷ இனமே பூமியிலயே உக்காந்து சாகணுமா?

நெறியாளர்
ரசிகன், நிதானம். கருத்துக்குப் பதில் சொல்லுங்க, ஆளுக்கு இல்ல.

பாறைமனிதன்
மௌனராகம் கேட்டது நியாயமான கேள்வி. ஆள் இறங்கும் முன் அந்த ஐஸில் ரோபோ துளை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒருமுறை நம் கிருமி கலந்துவிட்டால் பிறகு எதைக் கண்டாலும் அது யாருடையது என்ற சந்தேகம் தீராது.

ரசிகருக்கும் ஆறுதலாக ஒன்று. முதல் பயணத்துக்குத் தண்ணீரே தோண்ட வேண்டியதில்லை. நாசா கணக்குப்படி நான்கு பேரை, ஸ்டார்ஷிப்பைவிடச் சின்ன கலத்தில், தரையிலிருந்து கிளப்ப 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் போதும். ஏழு டன்னைக் கொண்டுபோய், இருபத்தைந்து டன்னைக் காற்றிலிருந்தே எடுக்கலாம். பெர்சிவியரன்ஸ் ரோவரில் இருந்த மாக்ஸி கருவி அதைச் செய்து காட்டியது. 16 தடவை ஓடி மொத்தம் 122 கிராம். டன்னுக்கும் கிராமுக்கும் நடுவில் நீண்ட தூரம், ஆனால் வழி சரி. போய்விட்டு வர ஐஸ் தேவையில்லை. தங்குவதற்குத்தான் தேவை.

கேள்விக்குறி
நம்ம மங்கள்யான் இதுல ஏதாவது சொல்லுச்சா?

பாறைமனிதன்
அதிலிருந்த ஐந்து கருவிகளில் ஒன்று ஹைட்ரஜனையும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தையும் ஒப்பிட்டு அளக்கப் போனது. செவ்வாய்க் காற்றில் டியூட்டீரியத்தின் பங்கு பூமிக் கடலைப் போல ஐந்தாறு மடங்கு. இலேசானது விண்வெளிக்குத் தப்பி ஓட, கனமானது தங்கிவிட்டது. பாயசம் சுண்டச் சுண்ட இனிப்பு ஏறுவது மாதிரி. எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதற்கு அந்த விகிதமே தடயம். 2021-ல் வந்த ஓர் ஆய்வு, போனதைவிடப் பாறைக் கனிமங்களுக்குள் கட்டுண்டு நின்றதும் அதிகமாக இருக்கலாம் என்கிறது.

ரிக்காரன்
எல்லாம் சரி சார், என் கேள்விக்கு வாங்க. ரெண்டு மீட்டர் மண்ணு, கீழ நூறு மீட்டர் ஐஸ். எப்படி எடுப்பீங்க? எங்க ரிக்ல கம்ப்ரசர் காத்தை அடிச்சுத்தான் தூள் மேல வரும். அங்க காத்தே இல்லைன்னு கேள்விப்பட்டேன்.

பாறைமனிதன்
காற்று இருக்கிறது, பூமியில் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் கீழே. தோண்டி அள்ளுவதைவிட, உள்ளேயே உருக்கி உறிஞ்சுவதுதான் யோசனை. 1960 வாக்கில் கிரீன்லாந்தில் பனிக்கு அடியில் முகாம் போட்ட அமெரிக்க ராணுவம் கண்டுபிடித்தது, ராட்ரிகஸ் கிணறு என்று பெயர். ஐஸில் துளை போட்டு வெந்நீரை விடுவது, அடியில் பானை மாதிரி ஒரு குழி உருகும், அந்த நீரை பம்ப் செய்து கொஞ்சத்தைச் சூடாக்கித் திரும்ப விடுவது. பூமியின் தென் துருவ ஆய்வு நிலையத்தில் இன்றைக்கும் இப்படித்தான் குடிநீர் எடுக்கிறார்கள்.

ரிக்காரன்
அட, இது நல்லா இருக்கே. ஆனா அங்க ஐஸ் உருகாமலே ஆவியாப் போகும்னீங்களே, தண்ணி நிக்குமா?

பாறைமனிதன்
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நீர் நீராக நிற்கக் குறைந்தது 6.1 மில்லிபார் அழுத்தம் வேண்டும். செவ்வாயில் சராசரியே அதை ஒட்டித்தான். துளை வாயைத் திறந்து வைத்தால் குழிக்குள் ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் உறையும். வாயை இறுக மூடி ஆவியை உள்ளேயே அடக்கினால் நிற்கும். சிக்கல் அந்த மேல் இரண்டு மீட்டர் மண். கேசிங் (துளைச் சுவர் சரியாமல் இறக்கும் வெளிக்குழாய்) இறக்கி, ஐஸோடு காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். குழாயில் சூடு ஏறினால் ஒட்டிய இடத்து ஐஸே ஆவியாகி இடைவெளி விழும்.

ரிக்காரன்
கேசிங் பைப்பை ஐஸுக்குள்ள இருபது அடி இறக்கிட்டு, வெந்நீர்க் குழாயை நடுவுல தனியா விடணும். ரெண்டும் தொடக் கூடாது. கேசிங் வெளியே கொஞ்சம் தண்ணியை ஊத்தினா அங்கயே உறைஞ்சு சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும். மைனஸ் 60-ல க்யூரிங் டைம் என்ன, அஞ்சு நிமிஷமா?

பாறைமனிதன்
அண்ணா, மேலே ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கேசிங்குக்கு அடிவழியாக உள்ளிருந்து தள்ளினால் ஒருவேளை பிடிக்கும். உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விஷயம் இது. டீச்சர், இருக்கிறீர்களா?

கெமிஸ்ட்ரி_டீச்சர்
இருக்கிறேன். கேசிங் எத்தனை இஞ்ச் விட்டம் என்று சொல்லுங்கள்.

ரிக்காரன்
ஆறரை இஞ்ச் போட்டுக்கோங்க டீச்சர். நாளைக்கு சைட்ல இருப்பேன், ராத்திரி வந்து பார்க்கிறேன்.